ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

துடியலூர்
12 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மதிவதனி எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள், இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து நீங்கள் என் போனை எடுக்கவே இல்லை. அம்மாவுக்குப் போட்டால், "உங்கப்பா வெளிய போயிருக்காரு கண்ணு" என்கிறார். பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா? அதனால்தான் தபாலில் வருகிறேன். காலனியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவர் நீங்கள். வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படிக்காமல் வைக்க உங்களால் முடியாது.

கோபம் எதற்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெள்ளியும் சனியும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் களை வெட்டிவிட்டு வந்து காலைக் கழுவினேன். நீங்கள் சோற்று வட்டிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அதற்கப்புறம் பேச்சில்லை.

நான் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பம்புக் கம்பெனியில் ஜூலையிலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. ஆளுக்கொரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், கடிகாரம் மாதிரி கையில் கட்டிக்கொள்வது. நடந்தாலும், மாடிப்படி ஏறினாலும், வீட்டைக் கூட்டிப் பெருக்கினாலும் அது பார்த்துக்கொண்டே இருந்து புள்ளி போடும். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டால் மணிக்கட்டில் குறுகுறுவென்று அதிர்ந்து எழுப்பிவிடும். புள்ளி சேரச் சேரப் பரிசு. துண்டு, தண்ணீர்ப் பாட்டில், கேண்டீனில் பாதாம்பால் என்று சின்னச் சின்னதாக நிறைய வாங்கிவிட்டேன். டிசம்பரில் முதலாவதாக வருகிறவருக்கு டெல்லி போய்வர இரண்டு விமான டிக்கெட். இரண்டாவது ஆளுக்கு ஒரு சைக்கிள். ஆண்டு விழா மேடையில் குடும்பத்தோடு ஏறி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த டிக்கெட்டில் உங்களையும் அம்மாவையும் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. எனக்குப் போட்டி அய்மன். சரக்கு அனுப்பும் குடோனில் வேலை, நாளெல்லாம் நடக்கிற ஆள். நானோ கணக்குப் பிரிவில் நாற்காலியோடு நாற்காலியாக இருப்பவள். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, லிப்டைத் தொடாமல் படி ஏறி, எப்படியோ அவரை எட்டிப் பிடித்திருந்தேன். தீபாவளி முறுக்கும் அதிரசமும் என்னை உட்கார வைத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அருக்காணி அத்தையும் மற்றவர்களும் களைக்கொத்தோடு கிளம்பினார்கள். நானும் கூடவே போனேன். அவர்கள் கூலிக்குப் போகும் பண்ணாடி தோட்டத்தில் சின்ன வெங்காயம். எது களை, எது வெங்காயம் என்று தெரிவதற்கே எனக்கு ஒரு பாத்தி ஆனது. ஆனால் மத்தியானம் வரை விடவில்லை. பட்டை புள்ளியை அள்ளிக் கொட்டியது, அய்மனைத் தாண்டிவிட்டேன். கூலி கொடுக்க வந்தவரிடம், "எனக்கு வேண்டாமுங்க, புள்ளியே போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. வேலை செய்தது தப்பா? எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மதிவதனி


தாராபுரம் வழி, காலனி
18.11.2024

மகள் மதிவதனிக்கு வேலுமணி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது அருக்காணி பக்கத்தில்தான் நின்றாள். "என்னங்கண்ணா எழுதியிருக்குது அம்மணி?" என்று கேட்டாள். ஆபீஸ் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டேன். அவள் பேரும் உள்ளே இருப்பதை எப்படிச் சொல்வது?

தப்பா என்று கேட்டிருக்கிறாய். நேரில் சொன்னால் கத்திவிடுவேன், நீ அழுவாய். எழுதினால் கை மெதுவாகத்தான் போகும் என்பதால் எழுதுகிறேன்.

நீ களை வெட்டியதில் எனக்கு ஒன்றும் இல்லை. நம் சனம் இன்றைக்கும் வெட்டுகிறது, அதில் கேவலம் கிடையாது. நீ வெட்டிய இடமும், கூலி வேண்டாம் என்று சொன்ன வாயும்தான் எனக்கு ஆகவில்லை. அந்தத் தோட்டத்தில் என் அப்பன் ஆயுசு பூராவும் பண்ணையாள். பேசிய வேலைக்குச் சோளம் அளப்பார்கள். பேசாத வேலை அதைவிட அதிகம். விறகு பிளப்பது, வண்டி கட்டுவது, செத்த மாட்டை இழுப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: "சும்மா செஞ்சு குடுடா." நானும் அந்தச் சும்மாவைச் செய்து வளர்ந்தவன். உன்னை ஒன்றாவதில் சேர்த்த அன்றைக்குப் பெரிய பண்ணாடி என்னைக் கூப்பிட்டு, "புள்ளைய எதுக்குடா அங்க உட்டே, ரண்டு ஆடு புடிச்சுக் குடுத்தா மேய்க்குமல்ல" என்றார். களைக்கொத்தை வரப்பில் வைத்துவிட்டு வந்தேன். நூல் மில்லில் சேர்ந்தேன். என் காலும் என் பிள்ளை காலும் இனி அந்தத் தோட்டத்தில் படாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

திங்கட்கிழமை டீக்கடையில் இப்போதைய பண்ணாடி, பெரியவர் மகன், பத்துப் பேர் நடுவில் சொன்னார்: "ஏப்பா வேலுமணி, உம்மவ கம்பெனில பெரிய வேலைன்னியே. நம்ம தோட்டத்துல சும்மாவே களை வெட்டிக் குடுத்துப்போட்டுப் போயிருக்குது. காலு பழைய வழிய மறக்கல பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் அருக்காணி கூட்டத்திடமும், "படிச்ச புள்ளை சும்மா செய்யுது, உங்களுக்குத்தான் கூலி பத்தலையாக்கும்" என்றாராம். உன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

நீ வேலையில் சேர்ந்தபோது உன் ஆபீசுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சக்கரம் வைத்த நாற்காலி, மேலே காற்றாடி. "எம்மவ ஒக்காந்து வேலை செய்யறா" என்று ஊர் பூராவும் சொன்னேன். உன்னை அதில் உட்கார வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது எழுப்பி விடுவதற்கு உன் கையில் ஒரு பட்டையைக் கட்டியிருக்கிறார்கள், நீயும் பெருமையாக எழுதுகிறாய். எங்களை நடக்க வைத்தவர்கள் யாரும் துண்டும் பாதாம்பாலும் கொடுக்கவில்லை.

எனக்கு விமானம் வேண்டாம்.

வேலுமணி


துடியலூர்
25 நவம்பர் 2024

அப்பா,

படித்தேன். ஆபீசில் வைத்துப் பிரித்தது தப்பாகிவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

நீங்கள் அந்தத் தோட்டத்தை விட்டு வந்தது தெரியும். எதற்காக, எந்த நாளில் என்பது தெரியாது. முப்பது வருஷமாக நீங்களும் சொல்லவில்லை. கூலி வேண்டாம் என்றது என் தப்புதான், அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். அருக்காணி அத்தையிடம் போனில் பேசிவிட்டேன். "அத உடு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவரிடம் ஒரு திட்டுக்கூட வாங்க முடியவில்லை.

ஆனால் நாற்காலியைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். போன வருஷம் டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்றார். உங்களிடம் மறைத்துவிட்டேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட நாற்காலியால் வந்தது என்று எப்படிச் சொல்வது? இந்தப் பட்டை கட்டிய பிறகு நடந்து நடந்துதான் அது இறங்கியிருக்கிறது. நீங்களும் தாத்தாவும் அடுத்தவர் சொல்லி நடந்தீர்கள். நான் எனக்காக நடக்கிறேன். எப்போது எழுவது, எங்கே போவது என்பது என் இஷ்டம். துண்டு கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்வேன். இதில் பெருமைப்பட எனக்கு உரிமை இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சின்ன வயதில் என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து வருவீர்கள். பெரிய வீதி வந்ததும் இறங்கி, கோயில் மூலை வரைக்கும் சைக்கிளைத் தள்ளுவீர்கள். "ஏனுங்கப்பா எறங்கீட்டீங்க?" என்று கேட்டால், "மேடு கண்ணு, மிதிக்க முடியாது" என்பீர்கள். நானும் நம்பினேன். காலேஜ் போகிற வயதில்தான் ஒரு நாள் நின்று பார்த்தேன். மேடு இல்லை. நம் ஆட்கள் அந்த வீதியில் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது என்று ஒரு காலத்தில் இருந்ததை அம்மா சொன்னார்.

இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. காலனிப் பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள். இந்தத் தீபாவளிக்கும் நீங்கள் அந்த வீதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனீர்கள். நான் பார்த்தேன். என் கால் பழைய வழியை மறக்கவில்லை என்று ஒருவர் சொன்னது உங்களுக்குச் சுட்டது. உங்கள் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் சுடுகிறது.

மதி


துடியலூர்
23 டிசம்பர் 2024

அப்பா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. எழுதியது அதிகப்படி என்று நினைக்கிறீர்களோ என்னவோ. நினைத்தாலும் சரி, நான் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகளை என் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லி லாஸ்யாவிடம் போனேன். இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். "புள்ளி ஏறலைன்னு சண்டைக்கு வருவாங்க மேடம், கொறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தாள். சேர்ந்த புள்ளியை அழிக்க அந்தச் செயலியில் வழியே இல்லையாம். பெங்களூருக்கு எழுதி, அங்கிருந்து யாரோ ஏன் எதற்கு என்று கேட்டு, கடைசியில் எடுத்துவிட்டார்கள். திரையில் அந்த நாள் மட்டும் வெறுமையாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

எடுத்ததும் அய்மனுக்குப் பின்னால் போய்விட்டேன். விட்டேனா? காலையில் எழுந்து துடியலூர் சந்தை வரைக்கும் வேக நடை, மத்தியானம் சாப்பிட்டதும் ஆபீசைச் சுற்றி ஒரு சுற்று, தண்ணீர் பிடிக்கக்கூட மேல் மாடிக்குப் போனேன். அய்மனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, மதியத் தொழுகைக்குப் பைக்கை விட்டுவிட்டு நடந்தே போய்வர ஆரம்பித்தார். கடைசி வாரம் கேண்டீனில் இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. முடிவில் அவர்தான் முதல், நான் இரண்டாவது. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஜெயித்துத்தான் வாங்கினார். அவர் அம்மா ரம்ஜான் பீவி இப்போதே கம்பளிச் சட்டை வாங்கிவிட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்திருந்தால் டிக்கெட் எனக்குத்தான். தெரிந்தேதான் விட்டேன். உங்களை டெல்லிக்கு அனுப்ப முடியவில்லையே என்று ஒரு ராத்திரி அழுதேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது சைக்கிள். ஜனவரி பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. மேடையில் என் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வருவீர்களா?

மதி


தாராபுரம் வழி, காலனி
02.01.2025

மகள் மதிவதனிக்கு,

இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கிறது. முதலாவதைப் படித்துவிட்டு அன்றைக்குப் பூராவும் உன் அம்மாவிடம்கூடப் பேசவில்லை. "அந்தப் புள்ளை பொய் ஒண்ணும் எழுதலீங்களே" என்றாள் அவள். அதனால் அவளிடம் இன்னும் இரண்டு நாள் பேசவில்லை.

சர்க்கரையை மறைத்தாய். பெற்றவனிடம் மறைக்கிற விஷயமா அது? நட. நன்றாக நட. நான் நாற்காலியைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொள்ளாதே.

அருக்காணி சேதி ஒன்று. பண்ணாடி உன் வேலையைச் சாக்காக வைத்துக் கூலியைக் குறைக்கிற பேச்சை எடுத்திருக்கிறார். அவள் சொன்னாளாம்: "அந்தப் புள்ளை சும்மா செஞ்சுதுன்னு சொல்றீங்களே, களையோட சேத்துப் பாதி வெங்காயத்தையும் புடுங்கிப்போட்டுப் போயிருக்குதுங்க. சும்மா வர்ற ஆளே போதும்னா நாளைக்கும் கூப்புட்டுக்குங்க, நாங்க ஊட்டுக்குப் போறமுங்க." பண்ணாடி போய்ப் பாத்தியைப் பார்த்தாராம். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது, கூலி பழையபடி. காலனியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். நீ கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெங்காயத்தில் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

புள்ளியை எடுக்கச் சொன்னதைப் படித்தேன். அதைப் பற்றி எழுத வரவில்லை.

விழாவுக்கு அம்மா கட்டாயம் வருவாள். நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. என் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா


துடியலூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்தீர்கள். வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்திருந்த இரண்டு வரி நன்றியும் மறந்துவிட்டது.

லாஸ்யா மைக்கில் அதை உடைப்பாள் என்று எனக்குத் தெரியாது. "இவங்க தானே கேட்டுப் புள்ளியக் கொறைச்சுக்கிட்டாங்க, இல்லைன்னா முதல் பரிசு இவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். முதலாளி மைக்கை என்னிடம் நீட்டி ஏன் என்று கேட்டார். உங்களைப் பார்த்தேன். பேச்சு தானாக வந்துவிட்டது: "அது எங்கப்பா என்னையப் படிக்க வைக்கறதுக்காக உட்டுட்டு வந்த தோட்டமுங்க. அங்க போய் நான் கூலியில்லாம வேலை செஞ்சுபோட்டேன். அந்த வேலைக்குப் பரிசு வாங்கக் கூடாதுங்க." கூட்டம் கை தட்டியது. நீங்கள் தட்டவில்லை. மேடைக்கு ஏறி வந்து, என்னைப் பார்க்காமல், சைக்கிளின் பிரேக்கை அமுக்கிப் பார்த்தீர்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தீர்கள். போட்டோக்காரர், "ஐயா, இங்க பாருங்க" என்று எத்தனையோ தரம் கூப்பிட்டார். எல்லா போட்டோவிலும் நீங்கள் பெடலைத்தான் பார்க்கிறீர்கள்.

பஸ் ஏறும்போது, "சாப்பாடு நல்லா இருந்துச்சு அம்மணி" என்றீர்கள். பரவாயில்லை, எனக்கு அது போதும்.

சைக்கிளைப் பார்சல் சர்வீசில் தாராபுரத்துக்குப் போட்டுவிட்டேன். அது உங்களுக்குத்தான். வீதியைப் பற்றி நான் எழுதியது எழுதியதுதான், ஆனால் இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். ஏறிப் போவதும் தள்ளிக்கொண்டு போவதும் உங்கள் இஷ்டம். எப்படிப் போனாலும் அது என் அப்பாவின் சைக்கிள்.

பொங்கலுக்கு லீவு இல்லை. அம்மாவிடம் கரும்பு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மதி


தாராபுரம் வழி, காலனி
20.01.2025

என் மகள் மதிவதனிக்கு,

சைக்கிள் பத்திரமாக வந்தது. இதைச் செய்தவனுக்குப் புத்தி கிடையாது, கேரியர் வைக்கவில்லை. கேரியர் இல்லாமல் அதை எப்படிச் சைக்கிள் என்பது? தாராபுரத்தில் கொடுத்துக் கேரியரும் ஸ்டாண்டும் பெரிய மணி ஒன்றும் போட்டுக்கொண்டேன். கடைக்காரர், "இந்த வண்டிக்கு மணி பெருசுங்களே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

மேடையில் நீ பேசியபோது நான் கை தட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். கை எழவில்லை, கண்ணு. அந்தத் தோட்டத்தை விட்டு வந்ததை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை, சொல்கிற விஷயமாக நினைத்ததும் இல்லை. அத்தனை பேர் நடுவில், மைக்கில், நம் பேச்சிலேயே நீ சொன்னாய். விமானத்தை விட்டுவிட்டு நின்று சொன்னாய். உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பெடலைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அன்றைக்கு வாயில் வரவில்லை, இன்றைக்கு எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் ஏறிய பிறகு, ஆட்கள் நடமாடுகிற நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பினேன். பெரிய வீதி முனை வந்ததும் வலது கால் தானாகப் பெடலை விட்டுக் கீழே வந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, அதுவாகவே வந்தது. நீ எழுதியது அப்போதுதான் முழுசாக விளங்கியது. காலைத் தூக்கிப் பெடலில் வைத்தேன். மிதித்தேன்.

பண்ணாடி வாசலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். மணியை அடித்தேன். நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். கோயில் மூலைக்கு வந்துவிட்டேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஒரு தரம் போனால், ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் திரும்பி இன்னொரு தரம் போனேன், மெதுவாக. இரண்டாவது தரம் அவர், "ஏப்பா வேலுமணி, புது வண்டியா?" என்றார். "ஆமாங்க, எம்மவ ஜெயிச்சுக் குடுத்தது" என்றேன். உட்கார்ந்தபடியேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "இந்த வயசுல என்னையப் போயி வண்டீல வெச்சுட்டு, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா" என்று கொஞ்ச நேரம் பிகு பண்ணினாள். அப்புறம் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கேரியரில் உட்கார்ந்தாள். மூன்றாவது தரம் இரண்டு பேருமாகப் போனோம். அருக்காணி கோயில் மூலையில் நின்று, "அண்ணா, மணிய அடிங்க, மணிய அடிங்க!" என்று கத்தினாள். வீதி முடிகிற இடத்தில் உன் அம்மா என் முதுகைத் தட்டி, "ஏனுங்க, இந்த வீதி இவ்வளவுதானுங்களா? நடக்கறப்ப எத்தனை நீளமா இருக்கும்" என்றாள்.

குடும்பத்து ஆட்களுக்கும் பட்டை தருவார்களா என்று லாஸ்யாவிடம் கேட்டுப் பார். தந்தால் ஒன்று அனுப்பு. உன் கணக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருக்கிறது என்றாயே, அதற்குப் பதில் நான் இங்கே வாராவாரம் சம்பாதித்துத் தருகிறேன்.

உன் சின்ன வயதில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நேற்று மூன்று தரம் மிதித்துப் பார்த்துவிட்டேன், கண்ணு. அந்த வீதியில் மேடு இல்லை.

அப்பா
வேலுமணி